முட்டைகளின் டைம்கீப்பர்

கோழி கொக்கரித்து முடிப்பதற்குள் அவர் மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறார். சூடு ஆறாத முட்டையை இரண்டு விரலால் தூக்கி, ஒட்டியிருக்கும் வைக்கோலை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து அதன்மேல் தேதி போடுகிறார். தண்ணீர் மட்டும் படவே கூடாது; ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடும். ஒருமுறை மனைவி தெரியாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். “மேல்பூச்சு போச்சு! சட்டையக் கழட்டி நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி!” என்று கத்தினார், முட்டைக்காக.

பஸ் டெப்போவில் டைம்கீப்பர். முதலில் வந்த வண்டி முதலில் கிளம்ப வேண்டும்; வீட்டில் முட்டைக்கும் அதே சட்டம். படுக்கையறையின் இருட்டு மூலையில், ஓட்டை போட்ட பலகையில், கூர்முனை கீழே இருக்க அவை அணிவகுத்து நிற்கின்றன. அவற்றுக்காக ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழல்கிறது; அடுப்படியில் மனைவி பழைய பேப்பரால் விசிறிக்கொள்கிறாள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாமலில்லை. “அது பிணவறை. உசுரோட இருக்கிறத அதுல வைப்பாங்களா?” என்பார்.

டெப்போவில் கண்டக்டர்களைப் பிடித்து நிறுத்திப் பிரசங்கம் வேறு. “கடையில விக்கிறதெல்லாம் முட்டையாப்பா? போட்ட சூட்டோட சாப்பிட்டுப் பாருங்க!” கேட்பவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அவர் வீட்டில் மட்டும் யாரும் அப்படிச் சாப்பிட்டதில்லை. பழையது தீராமல் புதியதைத் தொடக்கூடாது. புதியதன் முறை வரும்போது அதுவும் பழையதாகியிருக்கும்.

ஒருநாள், காய்ச்சலில் கிடந்து எழுந்த மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாடியிலிருந்து அவர் முட்டையோடு வருவதைப் பார்த்தாள்.

“என்னங்க, இத ஒண்ணு மட்டும் எனக்குக் குடுங்க. நாக்கு செத்துக் கெடக்கு.”

“ஆசப்படு, வேணாங்கல. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

கையிலிருந்ததை, இன்னும் தேதி போடாததை, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, வரிசையின் முதல் முட்டையைக் கொண்டுவந்து தம்ளர் தண்ணீரில் விட்டார். அடியில் கிடந்தால் நல்லது, மேலே வந்தால் கெட்டது: ஊருக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த பரீட்சை.

மேலே வந்தது.

“மிதக்குதுங்க.”

“மிதக்கல. எந்திரிச்சு நிக்குது.”

“அப்ப கிளம்பச் சொல்லுங்க உங்க வண்டிய. டைம் ஆச்சு.”

அவர் வாய் திறப்பதற்குள் மேடையிலிருந்த சூட்டு முட்டையை எடுத்து வாணலி விளிம்பில் தட்டி உடைத்து ஊற்றினாள். மஞ்சள் கரு கும்மென்று நிமிர்ந்து நின்றது. வெந்ததும் பிட்டுப் பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவர் முன்னாலேயே தின்று முடித்தாள்.

அவர் எச்சிலை விழுங்கினார். பிறகு உடைந்த ஓட்டைப் பொறுக்கி எடுத்தார். காதிலிருந்த பென்சிலால் அன்றைய தேதியைப் போட்டு, வரிசையின் கடைசியில், கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தார்.