அக்காவுக்கென்று வாங்கிய பை

அந்தப் பை ஆரஞ்சு நிறம். அவசரத்தில் எந்த மூலையில் கிடந்தாலும் கண்ணில் படவேண்டும், அதற்குத்தான் இந்த நிறம் என்று கடையில் இருந்த மலையாளி சொன்னார். வளைகுடாவில் நான் வேலை பார்த்த ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையன்று அதை வாங்கினேன். புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று எது வந்தாலும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமாம். உள்ளே கையால் சுற்றினால் பாடும் ரேடியோ, சார்ஜ் விளக்கு, இரண்டு டார்ச், ஒரு விசில், சரிகைத்தாள் மாதிரி மடித்த போர்வை, முதலுதவிச் சாமான்கள் இருந்தன. அவற்றோடு நான் தனியாக இரண்டு பொருள் வாங்கிச் சேர்த்தேன். ஒன்று, மூச்சுத்திணறலுக்கு மருந்தை ஆவியாக்கித் தருகிற, உள்ளங்கையில் அடங்குகிற நெபுலைசர். இன்னொன்று, செங்கல் கனத்தில் ஒரு பவர்பேங்க். நெபுலைசர் தன் பேட்டரியில் இரண்டு நாள் ஓடும். பவர்பேங்க் கூட இருந்தால் பத்து நாளுக்குக் கவலையில்லை. என் அறையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தேன். அக்காவைப் பொறுத்தவரை அந்த இரண்டும்தான் பை. மற்றதெல்லாம் வேடிக்கைச் சாமான்.

அக்காவுக்கு இளைப்பு நோய். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் பத்துப் பதினைந்து வருடம் விறகடுப்பில் சமைத்தவள். புகை அவள் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. ஐப்பசி ஈரக்காற்று பட்டால் போதும், படுக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்துகொள்வாள். அப்படி உட்கார்ந்தபடியே மடியில் முறத்தை வைத்துத் தட்டைப்பயறு உரிப்பாள். பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "மூச்சு வாங்குறது எனக்கு. மூஞ்சி வாடுறது ஒங்களுக்கா?" என்பாள். உறிஞ்சுகிற மருந்து ஆரம்பத்தில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. முற்றினால் நெபுலைசர்தான். கரண்டில் ஓடுகிற பெரிய நெபுலைசர் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனபோது, மச்சான் அவளை மொபெட்டில் வைத்து அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தது தெய்வாதீனம். அதைக் கேட்ட வாரம்தான் நான் அந்தப் பையை வாங்கினேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவன் விடுமுறைக்கு வந்தால் மறுநாள் பெட்டி பிரிக்கவேண்டும். அதற்கு நல்லநேரம் பார்ப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை, மற்றபடி அது ஒரு விசேஷம். கூடத்தில் பாய் விரித்துச் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும். நடுவில் அட்டைப்பெட்டி. கயிற்றை அறுக்கும்போதே கண்கள் உள்ளே போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தவனுக்குக் கஞ்சப்பயல் என்று ஆயுளுக்கும் பெயர். தைலம், சோப்பு, பேரீச்சம்பழம், போர்வை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கேட்டு வாங்குவது ஒரு ரகம். கேட்காமல் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, கீழே வைக்காமலே இருப்பது இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்திடம் "வச்சிருங்க" என்று சொல்ல இதுவரை எவனுக்கும் வாய் வந்ததில்லை.

அக்காவின் பையை முதல்நாளே அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அக்காவுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று நாலு பேர் பார்க்கவேண்டும் என்ற ஆசை. அதை இன்றைக்குப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆரஞ்சுப் பையைப் பெட்டியிலிருந்து தூக்கினேன். ஜிப்பைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து விளக்கினேன். கடை விரித்த வியாபாரி தோற்றான்.

விளக்கி முடிப்பதற்குள் ரேடியோ சின்னையா மடிக்குப் போயிருந்தது. இரண்டு டார்ச் எதற்கு என்று ஒரு டார்ச் போயிற்று. சார்ஜ் விளக்கை என் மைத்துனன் தன் கடைக்கு ஆகும் என்றான். அதெல்லாம் போகட்டும். அன்றைக்கு என் மகளைப் பெண் கேட்டு வந்திருந்த குளத்தூர்ப் பக்கத்துக் குடும்பமும் பாயில் உட்கார்ந்திருந்தது. நல்ல இடம், பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. பையனின் தம்பி பவர்பேங்கைக் கையில் எடுத்தான். எடை பார்த்தான். பொத்தானை அமுக்கினான். நாலு நீல விளக்கும் எரிந்தன. "செமையா இருக்கு மாமா, நம்ம ஊர்ல இது கெடைக்காது" என்றான். கீழே வைக்கவில்லை.

அக்கா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "தம்பி, அது எனக்குன்னு சொன்னியேப்பா" என்றாள். வாழ்நாளில் அவள் என்னிடம் இது வேண்டும் என்று கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா இரு அக்கா. அடுத்த தடவை வாங்கியாறேன்" என்றேன். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்து, "ஒங்களுக்குத்தான் தம்பி, வச்சுக்கங்க" என்றேன். சம்பந்தியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா மிச்சத்தை எடுத்து அடுக்கிப் பையின் ஜிப்பை இழுத்தாள். மச்சான் அப்போது கறி வாங்க அறந்தாங்கிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது பந்தி போட்டிருந்தோம்.

நான் ஆவணியில் திரும்பிப் போனேன். அடுத்த தடவை என்று ஒன்று வருவதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. கூடவே புயலும் வந்தது.

அந்தப் புயலைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. விடிந்து பார்த்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. நூறு வருடப் பலாமரங்கள் வேரை மேலே காட்டிக்கொண்டு சாலையில் குறுக்கே விழுந்திருந்தன. கரண்ட் கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. அக்கா வீட்டு ஓடுகள் பாதி பறந்துவிட்டன. போன் கோபுரம் செத்துவிட்டதால் நான் அங்கே அறையில் இருந்து நாளைக்கு நூறு தடவை போட்டும் பதில் இல்லை. பை இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

மற்றதெல்லாம் மச்சான் சொல்லிக் கேட்டது. நனைந்த சுவர், நனைந்த படுக்கை, எங்கும் அழுகும் இலை. முதல் நாளே அக்காவுக்கு இளைப்பு எடுத்துவிட்டது. கையடக்க நெபுலைசர் கணக்காக இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று மச்சான் ஆள் கூப்பிட்டிருக்கிறார். அவரவர் கூரை அவரவருக்கு. "மெசினு ஓடுனாப் போதும், நா எந்திரிச்சிருவேன்" என்றாளாம் அக்கா. நாலாம் நாள் காலையில் மச்சான் நெபுலைசரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, விழுந்த மரங்களுக்கு மேலே ஏறியும் கீழே நுழைந்தும் மெயின்ரோட்டுக் கல்யாண மண்டபம்வரை நடந்திருக்கிறார். அங்கேதான் ஜெனரேட்டர் ஓடியது. ஊர்ப்பட்ட செல்போன்கள் வயரில் தொங்கின. இது உயிர் காக்கிற மெஷின் என்று சொல்லிக் கெஞ்ச அவருக்குத் தெரியவில்லை. எல்லோரையும் போல வரிசையில் நின்றார். முறை வந்து, சார்ஜ் ஏறி, அவர் வீடு திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கையை ஊன்றி, கைமேல் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவர் சத்தமில்லாமல் மருந்தை ஊற்றி, மாஸ்க்கை அவள் மூக்கில் வைத்து, பொத்தானை அமுக்கியிருக்கிறார். நெபுலைசர் நன்றாக ஓடியது.

நான் வந்து சேர்ந்தது எட்டாம் நாள். அப்போதும் ஊரில் கரண்ட் இல்லை. வழியெல்லாம் பேசிப் பேசி என் போன் அணைந்துவிட்டிருந்தது. துக்கம் கேட்கக் குளத்தூரிலிருந்து வந்தவர்களில் அந்தத் தம்பியும் இருந்தான். அவர்கள் ஊரில் இரண்டாம் நாளே கரண்ட் வந்துவிட்டதாம். நான் போனைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பேண்ட் பையிலிருந்து அதை எடுத்து மரியாதையாக நீட்டினான். "இந்தாங்க மாமா, போட்டுக்கங்க. ஃபுல்லா இருக்கு" என்றான். அவன்மேல் என்ன தப்பு? அவனுக்கு என்ன தெரியும்? நான் வாங்கி என் போனைச் சொருகினேன். கைநீட்டி வாங்கிய அந்தக் கையை வெட்டிப் போடலாம் என்று இன்றைக்கும் தோன்றும். தோன்றுவதோடு சரி.

காரியம் முடிந்த அன்று மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை, சொன்னார். "மாப்ள, மெசினு நின்ன அன்னைக்கு, அந்தப் பவர்பேங்க எங்கடி வச்சன்னு கேட்டேன். யாரோ ஆசைப்பட்டுக் கேட்டாக, நாந்தான் தூக்கிக் குடுத்துட்டேன், தம்பிட்ட சொல்லிப்புடாதீங்க, அவன் சங்கடப்படுவான்னா. நீங்க அவ்வளவு தூரத்துலேருந்து தூக்கியாந்தது. மன்னிச்சுக்கங்க மாப்ள." என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். மூச்சுக்குத் திண்டாடுகிற நேரத்தில் எனக்காக ஒரு பொய் சொல்ல அவளுக்கு மூச்சு இருந்திருக்கிறது. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தை மாதம் மகள் கல்யாணம் என்று ஒரு சாக்கு இருந்தது. கல்யாணம் முடிந்ததும் பேரன் என்று ஒரு சாக்கு வந்தது. சாக்குக்கு என்ன பஞ்சம்?

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். மழைக்காலம் தொடங்கினால் வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். டார்ச், தீப்பெட்டி, குடிதண்ணீர், பிஸ்கட், மாத்திரை, ரேஷன் கார்டு நகல் என்று வீட்டுக்கு வீடு பை தயாராக வைக்கச் சொல்வார்கள். நல்ல பட்டியல்தான். பிரித்து மேயவரும் சொந்தக்காரர்களை எங்கே வைப்பது என்றுதான் அதில் இருக்காது. ஐப்பசி பிறந்ததும் மச்சான் வீட்டுக்குப் போய் நானே ஒரு பை கட்டிவைத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு வருடமும் மாத்திரைகளின் தேதி பார்த்து மாற்றுவேன். அக்கம்பக்கத்தார் அதைப் பெரிய பாசம் என்கிறார்கள்.

போன ஐப்பசியில் நான் பை கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் எட்டிப் பார்த்தாள். மச்சான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பையைக் காட்டினார். "நீயும் இப்புடி ஒண்ணு கட்டி வச்சுக்க தாயி. கட்டுனா மட்டும் பத்தாது, யாரு கேட்டாலும் குடுக்கப்படாது. எம் பொண்டாட்டி அப்புடித்தான் குடுத்தா. இவரு, அவ தம்பி, வெளிநாட்டுலேருந்து பாத்துப் பாத்து வாங்கியாந்து குடுத்தாரு. வெவரங்கெட்டவ, எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு மூச்சுமுட்டிச் செத்தா. பொய்யின்னா இவரையே கேளு."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "எங்க அக்கா அப்புடித்தான்."