மூணு பேர் சீட்டும் முட்டை பஃப்ஸும்

பனியன் கம்பெனிக்காரங்க சரக்கு அனுப்புற ஷிப்மென்ட் தேதிக்குப் பயப்படுவாங்க. பள்ளிக்கூட வேன் ஓட்டுற நாம பயப்படுறது, எத்தனை ஹாரன் அடிச்சும் திறக்காத கதவுக்குத்தான். வேலம்பாளையம் பக்கம் என் வண்டி ஓடுது. நாள் முழுக்க 'அங்கிள், அங்கிள்'னு கேட்டுக் காது புளிச்ச டிரைவர்களுக்கு நான் சொல்றது புரியும்.

முன்சீட்டு

நாலாவது படிக்கிற ஜெபின் கொஞ்சம் கனமான பையன். படியேறினாலே மூச்சு வாங்கும். மூணு பேர் சீட்டில் அவன் உட்கார்ந்தால், ஜன்னலோரம் இருக்கும் யாழினி நசுங்கிப் போவாள். "இவன் வந்தா நான் வெளிய விழுந்துருவேன் அங்கிள்" என்று ஒருநாள் அவள் கத்த, வேனே சிரித்தது. ஜெபினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே புத்தகப்பையை இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அவனுக்கு என் பக்கத்து முன்சீட்டு. யாழினிக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், நானும் நாளைக்குக் குண்டாயிட்டு வர்றேன், எனக்கும் முன்சீட்டுக் குடுங்க!"

மூணு வேளை

அவன் முன்சீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு வாசம் பிடிபட்டது. காலையிலேயே பையன் பஃப்ஸைப் பிரித்தான்.

"ஊட்ல சாப்பிடலியா கண்ணு?"

"அம்மா தூங்குறாங்க அங்கிள். நைட்டெல்லாம் ஷிப்மென்ட்."

அப்பா அம்மா இருவருக்கும் ஒரே கம்பெனி. சமைக்க நேரமில்லாததால் முந்தின நாளே பேக்கரியில் வாங்கி வைத்துவிடுவார்களாம். மத்தியானத்துக்கும் இன்னொரு பஃப்ஸ்தான். "தினமும் அதையே தின்னாச் சலிக்காதா?" என்றேன். பெருமையாகச் சொன்னான்: "ராத்திரிக்கு மாத்திக்குவேனுங்க. முட்டை பஃப்ஸ்!"

பூட்டின ஊடு

ஒரு சாயங்காலம் அவனை இறக்கினால் வீடு பூட்டியிருக்கிறது. சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டம்மா அவிநாசி கோயிலுக்குப் போய்விட்டார். பையன் பழக்கப்பட்டவன்போல் படியில் உட்கார்ந்து சிப்ஸைப் பிரித்தான். எனக்கு விட்டுவிட்டு வர மனசில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு என்ன குறை வச்சிருக்கோம்? வைஃபை இருக்கு, பிரிட்ஜ் நிறைய ஐஸ்கிரீம் கெடக்கு."

"அதெல்லாம் சரிங்க. ஊட்ல ஆளு இருக்குதுங்களா?"

மெஷின் சத்தத்தோடு போன் கட்டானது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மனுசன் பெர்மிஷன் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து நின்றார். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. வெளிச்சம் இருக்கும்போதே அப்பாவைக் கண்ட ஜெபின் பதறிப்போய்க் கேட்டான்: "அப்பா, கம்பெனியை மூடிட்டாங்களா?"

அவர் பையனைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முக்குல நிறுத்துங்க

அதற்கப்புறம் ஜெபினின் அம்மா ஓவர்டைமைக் குறைத்துக்கொண்டார். டப்பாவில் இட்லி வர ஆரம்பித்தது. அதே சமயம் சாக்கடை போடுகிறோம் என்று அவர்கள் வீதியைத் தோண்டிப் போட்டார்கள். வேன் உள்ளே போக வழியில்லை. வீதி முக்கில் நிறுத்துவேன். அம்மா வந்து நிற்பார். குழியைத் தாண்டி, மண்மேட்டில் ஏறி, இருவரும் பேசிச் சிரித்தபடி நடந்து போவார்கள். ஜெபின் ஒன்றும் இளைத்துத் துரும்பாகிவிடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் படியில் தாவி ஏறுகிறான்.

போன வாரம் குழியை மூடித் தார் போட்டுவிட்டார்கள். சந்தோஷமாக வேனை வீதிக்குள் திருப்பப் போனேன். ஜெபின் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அங்கிள், முக்குலயே நிறுத்துங்க. ரோடு சின்னது, வேன் திரும்பாதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லீருங்க!"

பிள்ளைகளை ஊட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நமக்குச் சுலபம்தான், ஊட்டுக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இந்த ஊரில் லாங் டிரிப்.