சந்துச்சுவரில் ஒரு வேட்பாளர்

இப்போதெல்லாம் திருவனந்தபுரத்தில் சுவரில் வரைகிறவனைக் கலைஞன் என்கிறார்கள். பெயின்ட் வாங்கிக் கொடுக்கவும் ஆளிருக்கிறது. நான் வரைந்த காலத்தில் முதுகுத்தோல்தான் உரியும். முப்பத்தைந்து வருடம் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டேன்.

கிழக்கேகோட்டையில் எங்களுடையது தெருக்கோடி வீடு. அண்ணாவின் பூணூலுக்காக அப்பா சந்துப்பக்கச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார். தேர்தல் சமயம். இந்த ஊரில் வெள்ளைச் சுவர் என்பது பஸ்ஸில் காலி சீட்டு மாதிரி. எந்தக் கட்சி முதலில் ‘புக்ட்’ என்று எழுதுகிறதோ அதற்குச் சொந்தம். வீட்டுக்காரருக்கு அதில் வேலையில்லை. ஆனால் கட்சிகளை நான் முந்திக்கொண்டேன். ஒரு மத்தியானம், அப்பா ஆபீஸில் இருந்த நேரம், வெந்நீரடுப்புக் கரியால், ஞாயிற்றுக்கிழமைகளில் சாய்வுநாற்காலியில் வாய் பிளந்து தூங்கும் அவரைத் தொப்பையோடு வரைந்தேன்.

மாலையில் சந்து நிறையக் கூட்டம். பெயின்ட் டப்பாவோடு வந்த கட்சித் தொண்டர் ஒருவர் மெய்மறந்து நின்றுவிட்டு, படத்துக்குக் கீழே ‘புக்ட்’ போட்டார். அந்த நேரம் பார்த்து அப்பா ஆபீஸிலிருந்து வந்தார். பார்த்தார். உள்ளே போய்ச் சுண்ணாம்பு வாளியோடு திரும்பினார். நான் கதவுக்குப் பின்னால் ஒடுங்கினேன். வாளி காலியானதும் என் முறை.

“சாமி, தொடாதீங்கோ, வேண்டா,” என்றார் தொண்டர். “ஆரோ நல்ல கலைஞன் வரைஞ்சதாக்கும். எதிர்க்கட்சி வேட்பாளர் அப்படியே இருக்காரே.”

“அவரா இது?” என்றார் அப்பா.

“பின்னே? அஞ்சு வருஷமா இதே ஒறக்கம்தானே. தொப்பையைப் பாருங்கோ, ஊரைத் தின்ன தொப்பை. இத்தனை சோம்பல் வேற ஆருக்கு உண்டு?”

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

வாளி நிறையச் சுண்ணாம்போடு திரும்பியவரிடம் அம்மா, “ஏன்னா, பூசலையா?” என்றாள். அவள் கண் என் கரி விரல்கள்மேல் இருந்தது.

“இருக்கட்டும்டி. எலெக்ஷன் முடியட்டும்.”

எனக்கு அடி விழவில்லை. வரைந்தவன் யார் என்று அவர் விசாரிக்கவுமில்லை. இவ்வளவு பாடுபட்டு வரைந்தும் அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லையே என்று, ஒரு கலைஞனுக்குரிய வருத்தம் மட்டும் எனக்கு மிஞ்சியது.

மறுநாள் விடியற்காலையிலிருந்து அப்பா கோட்டையைச் சுற்றி வேகவேகமாக நடக்க ஆரம்பித்தார். ராத்திரிச் சாப்பாடு இரண்டு தோசையாகச் சுருங்கியது. டாக்டர் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன்.