கத்தி வைக்கும் கல்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், மலை ஏறும் பாதையில், இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வருகிறவர்கள் கத்தியை அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டுத்தான் ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஊற்றுக்கு மேலே ஒரு சின்னக் காடு. அதற்குள் யாரும் இரும்பு கொண்டுபோகக் கூடாது. விறகு வேண்டுமென்றால் தானாக விழுந்த கிளையைக் கையால் ஒடித்துக்கொள்ளலாம். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. மாதா படம் மாட்டிய வீட்டுக்காரர்களும் மாரியம்மனுக்கு விளக்கேற்றும் வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி மதித்தார்கள். அந்த ஊற்றிலிருந்து குழாயில் இறங்கிய தண்ணீரை நம்பித்தான் லயத்தில் இருபத்திரண்டு வீடுகளும் இருந்தன.

எங்களுக்குப் போய், இயற்கையைக் காப்பாற்றத் தெரியாது என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஆறு வருஷமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. கோபத்தில் பாதி என்மேல்தான். அந்த வகுப்பைத் தமிழில் சொன்னவள் நான்.

அப்போது நான் பால் வெட்டுவதை விட்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மாமார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம்தான் விட்டுப் போவார்கள். கஹவத்தை டவுனில் சிங்களப் பிள்ளைகளோடு படித்ததால் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்துக்கு எந்தத் திட்டம் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

காடு வளர்ப்புத் திட்டத்திலிருந்து வந்த சிங்கள அதிகாரி மரியாதையான மனிதர்; மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டோம். தோட்டத்து ஆட்கள் கூடும் மடுவத்துச் சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார். மரத்தை அழிக்காமல் அதன் பயனை எடுப்பது எப்படி என்று அரைமணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? பட்டையில் ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது என்று விரலால் அறிந்தவர்கள். இருபது வருஷம் வெட்டிய மரத்தை இன்னும் பால் கொடுக்க வைத்திருப்பவர்கள். தோட்டத்திலேயே சுத்தமாக வெட்டுகிறவர் லயத்தில் என் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அண்ணன். அவர் என் காதில், “என்னா தங்கச்சி, மாட்டுக்கே புல்லு திங்கச் சொல்லிக் குடுக்கிறாரா?” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

பிறகு மாத்தயா ஊற்றுக்கு மேலே இருந்த காட்டைப் பற்றிப் பேசினார். அது வெறும் புதராம், வீணாகக் கிடக்கிறதாம். அதைத் துப்புரவாக்கி யூகலிப்டஸ் நட்டால் தண்ணீரும் நிற்கும், வளர்ந்த மரமும் மக்களுக்கே என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தோட்டத்தை நடத்தும் துரை தலையாட்டினார். அண்ணன் எழுந்து நின்றார்.

“அந்தக் காட்டுக்குள்ள நாங்க கத்தியே கொண்டு போறதில்லைங்க. அதைத் தொட்டா ஊத்து கோவிச்சுக்கும்ங்க.”

அதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. படித்த மனிதரிடம் போய் ஊற்று கோபித்துக்கொள்ளும் என்று எப்படிச் சொல்வது? எங்களை ஒன்றும் தெரியாத சனம் என்று நினைத்துவிடுவார் என்று பயந்தேன். “அவருக்குச் சம்மதமாம், மாத்தயா” என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வெளியாட்கள் மெஷின் வாளோடு வந்தார்கள். கித்துல், கும்புக், காட்டுப் பலா என்று பெரிய மரங்கள் லொறி லொறியாகப் போயின. புதருக்கு எதற்கு லொறி என்று நான் கேட்கவில்லை. கன்று நடுகிற வேலை மட்டும் எங்களுக்கு வந்தது. ஆளுக்கொரு டீசேர்ட்டும் ஒரு சோற்றுப் பார்சலும் கொடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒரு கன்றுகூடச் சாகவில்லை. கன்றைக் கையில் கொடுத்தால் சாகவிட எங்களுக்குத் தெரியாது. எங்கள் தண்ணீரைக் குடிக்கப்போகிற மரங்களுக்கு நாங்களே வாளியில் சுமந்து தண்ணீர் ஊற்றினோம். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மரங்கள் கிடுகிடுவென்று வளர்ந்தன. நாலாவது வருஷம் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. இந்த வருஷம் மாசி மாதம் அதுவும் நின்றுவிட்டது. தண்ணீர்ப் பவுசர் வண்டி வரும் நாளில் வாளிகளோடு சண்டை. பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைக் கழுவிவிடக்கூடத் தண்ணீர் இல்லை. காலையில் பிள்ளையோடு வந்த அம்மாமாரிடம், போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தால்தான் பிள்ளையை எடுப்பேன் என்று சொன்னேன். அதையும் இதே வாயால்தான் சொன்னேன்.

அந்த யூகலிப்டஸ் மரங்களை வெட்ட அனுமதி கேட்டு நானும் அண்ணனும் போனோம். அது திட்டத்து மரம், தனக்கு அதிகாரமில்லை என்றார் துரை. திட்டம் முடிந்துவிட்டது, துரையைக் கேளுங்கள் என்றார்கள் திட்டத்து ஆபீசில். கடைசியாகப் பார்த்த வன இலாகா அதிகாரி, அது இப்போது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு கிளையை வெட்டினாலும் வழக்கு என்றார். லொறிகள் போனபோது அந்தப் பாதுகாப்பு எங்கே போயிருந்தது? கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் பத்து மணியிருக்கும், ஊற்றில் ஏதாவது ஊறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நான் கல்லடியில் நின்றிருந்தேன். பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு அண்ணன் மலைப் பாதையில் வந்தார். பின்னால் இன்னும் ஆறு பேர். கல்லடியில் அண்ணன் கொஞ்சம் நின்றார். ஆனால் கத்தியை வைக்கவில்லை. “வாறியா தங்கச்சி?” என்றார். நான் லயத்துக்கு, என் காம்பராவுக்கு ஓடி, கூரை இடுக்கில் செருகியிருந்த என் பழைய கத்தியை எடுத்து வந்தேன். கத்தியோடு அந்தக் கல்லைத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை.

மரத்தைச் சுற்றி வளையமாக, உள்கட்டை தெரியும்வரை பட்டையை உரித்தோம். அப்படி உரித்தால் மரம் நின்றபடியே காயும். எங்களுக்குத் தெரியாதா? அப்படி நடக்காமல் வெட்டத்தானே இவ்வளவு காலம் பழகினோம். முதல் மரத்தில் என் கை ஆழமாக இறங்க மறுத்தது. பிள்ளைகளின் போத்தல்களை நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இறங்கியது.

இலைகள் பழுத்தபோது ஜீப் வந்தது. அதே மாத்தயாதான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது, கையில் அதே மாதிரி ஒரு பைல். யார் செய்தது என்று இவர்களிடம் கேள் என்றார். கேட்டேன்.

அண்ணன் என்னைத்தான் பார்த்தார். “ஊத்து கோவிச்சுக்கிச்சுன்னு சொல்லு தங்கச்சி. இந்தத் தடவையாவது சொல்லு.”

அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் சிங்களம் விளங்காது, சரளமாகப் பேசத்தான் பலருக்கு வராது. அன்று மடுவத்தில் நான் சொன்ன பொய்யைக் கேட்டுவிட்டு, ஆறு வருஷம் என் பக்கத்துக் காம்பராவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார். தலை நிமிர முடியவில்லை எனக்கு.

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். “இதை இவர் அன்றைக்கே சொன்னார், மாத்தயா. இவர் சம்மதிக்கவே இல்லை. நான்தான் மாற்றிச் சொன்னேன். நீங்களும் வேறு யாரையும் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.”

ஊற்றில் இன்னும் ஈரம்கூட வரவில்லை. அந்த மரங்கள் காய நாளாகும். மாத்தயா நான் சொன்ன எதையும் எழுதவில்லை. மரத்தை உரித்தவர்களின் பெயர்களை மட்டும் கேட்டார். முதல் பெயராக என் பெயரைச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்.