சனிக்கிழமைகளில் ஊரில் இல்லாதவர்

என் பெரியப்பா ஹால்வர் பிரெக்கே 1912இல் மினசோட்டாவில் ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தார். 1947இல் ஒரு சிறிய லூத்தரன் கல்லூரியில், தலைக்கவசம் அணிந்து மோதி ஆடும் கால்பந்து அணிக்கு முன்வரிசைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளர் கிளைட் வாண்டர்மேர். பெரியம்மா சிக்ரிட்டின் தம்பி தோர்வால்ட், அதே வட்டாரத்தில் எதிரணி ஒன்றின் பயிற்சியாளர். இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள்.

சனிக்கிழமைதோறும், அடுத்த வாரம் எதிர்த்து ஆடவிருக்கும் அணியை வேவு பார்க்கப் பெரியப்பாவை அனுப்புவது வழக்கம். ஆகவே தாம் பயிற்றுவித்த பையன்களின் ஆட்டத்தை அவர் நேரில் கண்டதில்லை. பார்வையாளர் மாடத்தின் உச்சியிலிருந்து எடுத்த படச்சுருளில்தான் பார்ப்பார்.

1954 இலையுதிர்காலத்தில், பந்து எந்தப் பக்கம் போகும் என்று எதிரணிகள் முன்கூட்டியே அறிந்து நின்றன. தோல்விக்கு மேல் தோல்வி. பெரியப்பா நுழைந்தால் பயிற்சியாளர் அறையில் பேச்சு நின்றது, கரும்பலகை அழிக்கப்பட்டது.

"போன சனிக்கிழமை மச்சான் வீட்லதான் சாப்பாடாமே, ஹால்வர்?" என்றார் வாண்டர்மேர்.

"ஆமா கோச். மீனும் உருளைக்கிழங்கும். நம்ம ஆட்டத்தைத் தட்டுல வைக்கலை."

"சிரிக்காதய்யா. மச்சான் காதுக்குப் போனா வட்டாரம் முழுக்கப் போகும்."

"அப்ப ஒரு தடவை என்னை ஊர்லயே விடுங்க. எதிராளி பக்கம் உக்காந்து பாக்கறேன்."

அனுமதி கிடைத்தது. அடுத்த ஆட்டத்தில் எதிரணிப் பக்க மாடத்தின் கீழ்ப்படியில் அமர்ந்து கவனித்தார். தம் அணியின் முன்வரிசையினர் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றுவார்கள். நேரே மோதப் போகும்போது அவர்கள் விரல்கள் அழுந்தி வெளுத்தன. பக்கவாட்டில் ஓடப் போகும்போது மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்தவர் அவரேதான். இடைவேளையில் உடைமாற்றும் அறைக்கு ஓடி அதைத் திருத்தினார். அணி வென்றது.

பழி நீங்கியதென்று பெரியம்மா கேக் சுட்டார். திங்களன்று வாண்டர்மேர் கூப்பிட்டனுப்பினார்.

"நீ வெளியூர் போனா தோக்கறோம். ஊர்ல இருந்தா ஜெயிக்கறோம். நான் என்னன்னு நினைக்கறது?"

"விரலைத்தான் காமிச்சேனே, கோச்!"

"காமிச்ச. இத்தனை நாள் யார் கண்ணுலயும் படாதது, வந்து உக்காந்ததுமே உன் கண்ணுல எப்படிப் பட்டுச்சு?"

தோர்வால்ட் மாமாவிடம் பிற்காலத்தில் நான் இருமுறை கேட்டேன். "ஹால்வர் எங்கிட்ட ஆட்டத்தைப் பத்தி வாயே திறந்ததில்லை" என்றார், இருமுறையும் அதே சொற்களில். நான் நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் ஏதுமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பெரியப்பா பயிற்சியாளராக இருந்தது எட்டு ஆட்டப் பருவங்கள்.