பழுதில்லாத நத்தை ஓடுகள்

பழுதில்லாத ஓடாகப் பார்த்துச் சேர்ப்பதுதான் விஞ்ஞானம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மீது இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. சொன்னபடி செய்த என்மீதும்தான்.

ஐம்பதுகளில் அறந்தாங்கிப் பக்கம் ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். மணமேல்குடி முதல் மீமிசல் வரை கடல் நத்தை பொறுக்கி விற்கும் ஒரு பெண்தான் பள்ளியின் கண்ணாடி அலமாரிக்கு ஓடுகள் கொண்டுவருவார். அந்தப் பிழைப்பில்தான் அவருடைய இரண்டு பெண்களும் சாப்பிட்டார்கள்.

நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன்.

"ஓட்டை வேணாம், ஒடசல் வேணாங்கிறீங்க. பொண்ணு பாக்க வாரவுக தோத்துப்போவாக, வாத்தியாரய்யா" என்று சிரிப்பார்.

"அலமாரியில வைக்கணுமுல்லம்மா."

"அப்ப இதுகள?"

"சுண்ணாம்புக் காளவாய்க்குப் போடுங்க."

கழித்த குவியல் என் கண்ணெதிரே கிடந்தது. மணமேல்குடி மணலில் எடுத்தவற்றில், தச்சன் துரப்பணம் வைத்ததுபோல வட்ட ஓட்டை; வேறொரு நத்தை துளைத்து உள்ளிருந்ததைத் தின்ற அடையாளம். மீமிசல் சேற்றுப் பக்கம் ஓட்டை அரிது. நண்டு கடித்து வாய் விளிம்பு நொறுங்கியவையே அதிகம். கரை ஒன்றுதான், தின்பது இடத்துக்கு இடம் வேறு. தெரிந்தும் காளவாய்க்கு அனுப்பினேன்.

கரையில் நத்தை குறைகிறது என்று புகார் போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரிக்கு அந்தக் கரையின் நத்தைகளை வரிசையாகப் பார்க்க வேறு இடம் இல்லை. என் அலமாரி முன் வந்து நின்றார்.

"ஒண்ணுலகூட கடிபட்ட அடையாளம் இல்லையே! கடல்ல இதுக்கு எதிரியே இல்ல. இந்த நத்தை பொறுக்குற பொம்பளைங்கதான் அழிக்கிறாங்க. பொறுக்குறத நிறுத்திட வேண்டியதுதான்."

கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமலே தீர்ப்பு! தலைமையாசிரியர் தலையாட்டினார். நான் வாய் திறக்கவில்லை. கழித்ததைச் சொன்னால் அலமாரியின் பெருமை போய்விடும் என்ற அற்ப எண்ணம். காட்டவும் ஒரு துண்டு மிச்சமில்லை. அதிகாரியின் வருகைக்கென்று அதே காளவாய்ச் சுண்ணாம்பை வாங்கி அடித்த வெள்ளைச் சுவர்கள்தான் எங்களைச் சுற்றி நின்றன.

தடை வந்தபின் அந்தப் பெண் பள்ளிக்கு வந்தார்.

"ஒங்க கையாலதான கழிச்சீங்க. அதச் சொல்லலியா?"

"சொல்லலம்மா."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஓட்டை விழுந்த நத்தை ஓடு ஒன்றை மேசைமேல் வைத்தார். "இதையாவது உள்ள வைங்க."

முதல் வரிசையில் வைத்தேன். மறுநாள், "பழுதான சரக்கெல்லாம் எதுக்கு சார்?" என்று தலைமையாசிரியர் அதை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தார். போய்ப் பொறுக்கி வர எனக்கு அன்றும் துணிவில்லை.