மன்னிப்புக் கேட்டவர்

அவரை அந்த வட்டாரமே வாத்தியார் என்றுதான் அழைத்தது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தேர்ந்த ஆசிரியர் என்று சொல்ல மாட்டேன், பிரேக்கை மறந்தவரிடம், "கால் என்ன வாடகைக்கா வாங்கியிருக்க?" என்று கத்துவார். ஆனால் ஒரு பாடத்தில் பிடிவாதம். சின்ன இடி என்றால் நடுரோட்டில் சண்டை கூடாது. முதலில் வண்டியை ஓரங்கட்டு. பிறகு, தப்பு யாருடையதாக இருந்தாலும், மன்னிப்புக் கேள்.

முதலாளிக்கும் ஒரு பிடிவாதம் உண்டு: தன் தப்பால் வண்டியை இடித்தவரிடம் மறுபடி சாவி தர மாட்டார்.

ஒரு மாலை, வாத்தியார் தனியாக ஓட்டிவந்து சிக்னலில் நிறுத்தியிருந்த ஸ்கூல் காரைப் பின்னாலிருந்து ஒரு கார் முட்டியது. இறங்கியவர், வாத்தியாரிடமே ஓட்டக் கற்ற மருந்துக்கடைக்காரர்.

"ஐயோ, நீங்களா வாத்தியாரே! போன்ல கண்ணு போயிடுச்சு."

"நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்கேன் போ. முதல்ல ஓரங்கட்டு தம்பி."

ஓரங்கட்டியதும், பழக்கதோஷத்தில், "மன்னிச்சுக்கப்பா, உன் வண்டி முகப்பும் நசுங்கிடுச்சே" என்றார்.

"போலீஸெல்லாம் எதுக்கு? என் இன்சூரன்ஸ்லயே உங்க பம்பரையும் சரி பண்ணிடறேன். நமக்குள்ள என்ன!"

வாத்தியார் தலையாட்டினார். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

சில நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். இவ்வளவு சின்னச் சேதத்துக்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டாம். படமோ சாட்சியோ இருந்தால் போதும் என்றாள். பிறகு, "நீங்க ரிவர்ஸ்ல வந்து இடிச்சீங்கன்னு அவர் எழுதிக் குடுத்திருக்காரு சார். அங்கயே மன்னிப்பும் கேட்டீங்களாமே?"

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டீங்க" என்றாள் மனைவி.

வாத்தியார் நேரே மருந்துக்கடைக்குப் போனார்.

"என் மேல தப்புன்னா பிரீமியம் ஏறிடும் வாத்தியாரே. அது ஸ்கூல் வண்டிதானே, உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"சாவி போயிடும் தம்பி. கம்பெனிக்கு ஒரு போன் பண்ணி, நடந்ததச் சொல்லிடு."

"எழுதிக் குடுத்தத எப்படி மாத்துறது? உங்க முதலாளிகிட்ட வேணா நான் பேசறேன்."

"என்னன்னு? நீதான் இடிச்சேன்னா?"

கடைக்காரர் மாத்திரை அட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

பண்பு என்று நாம் நினைத்துச் செய்வது, அடுத்தவர் கைக்குப் போனதும் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. அதைப் பிறருக்குப் பாடமாக நடத்தியவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. இடித்தவன் வெளியாளாக இருந்திருந்தால் அவர் ஆறியிருப்பார். இவன் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர் சொன்னபடி கியர் மாற்றியவன்.

"இனிமே என்னை வாத்தியார்னு கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். அவர் பக்கம் படமும் இல்லை, சாட்சியும் இல்லை. தப்பு அவருடையது என்று முடிவானது. முதலாளி திட்டவில்லை, கையை மட்டும் நீட்டினார். வாத்தியார் வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற முயன்றார். நகம்தான் பிய்ந்தது. வளையத்தோடு கொடுத்துவிட்டார்.